கலகக் குற்றமும் கூட்டத்தின் பொறுப்பும்

மக்கள் தனித்து வாழும் இயல்பினரல்லர். மணமெனினும் பிணமெனினும், தேரெனினும் தெப்பமெனினும், கூடுதலே நம்மவர்க்கு வழக்கம். அங்ஙனம் கூடுதல் எந்நாளிலும் குற்றமாக எண்ணப்பட்டதில்லை. ஆயின் நேற்றுவரை விழாக் கூட்டமாயிருந்த ஒன்று இன்று குற்றக் கூட்டமாவது எந்நொடியில்? கல்லெறிந்தவன் ஒருவனாயிருக்க, உடனின்ற முப்பதின்மரும் கூண்டிலேற்றப்படுவது எம்முறையால்? இவ்வினாக்கள் நூல் கற்றார்க்கு மட்டும் உரியனவல்ல. நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுள், திருவிழாப் பூசல் ஒன்றிற் பெயர் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் நியாயமன்றப் படியேறிய மைந்தன் ஒருவனையேனும் அறியாதார் சிலரே. ஆதலின், கோயில் வரலாறும் குடி வரலாறும் பலகால் வெளிவந்த இவ்வேட்டில், கலகச் சட்டத்தின் வரலாற்றைக் கடலூர், சிதம்பரம் ஆகிய நம் நாட்டுச் செய்திகளோடு பொருத்திச் சிறிது ஆராயப் புகுகின்றேன்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். பூசல், கலாம், அமளி, கைகலப்பு, கலகம் எனப் பல சொற்களை நாம் வேறுபாடின்றி வழங்குகின்றோம். சட்டமோ இவற்றை வேறு பிரிக்கும். பொதுவிடத்தில் இருவரோ அதற்கு மேற்பட்டாரோ தம்முள் அடித்துக்கொண்டு பொது அமைதியைக் கெடுப்பின் அது கைகலப்பு. ஒரு திங்கட் சிறையளவில் முடிவது. கலகம் என்பது அதனின் வேறு. அதற்கு ஐவர் வேண்டும். ஐவர்க்கும் ஒரு பொது நோக்கம் வேண்டும். அந்நோக்கம் சட்டம் விலக்கியதாதல் வேண்டும். அதனை நிறைவேற்றுதற்கு அவருள் ஒருவனேனும் வன்மை காட்டியிருத்தல் வேண்டும். இந்நான்கனுள் ஒன்று குறையினும் கலகம் இல்லை. கடைத்தெருவில் இரு வண்டிக்காரர் மோதிக்கொள்வதைக் கண்டு ‘ஒரே கலகம்’ என்று வீட்டில் வந்து சொல்கின்றோமே, அது சட்டத்தின் கலகமன்று.

ஆங்கிலேயர் சட்டம் வருமுன் இந்நாட்டிற் கூட்ட எதிர்ப்பே இல்லையோவெனின், கல்வெட்டுகள் வேறு கூறும். விசயநகரத்தார் ஆட்சியில், 1429-ஆம் ஆண்டில், வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஆகிய இரு பெரும் பிரிவினரும் தம் பகை மறந்து ஒன்றுகூடி, அதிகாரிகளும் காணியாளரும் வாங்கிய மிகை வரியை இனிக் கொடோம் என உறுதிசெய்துகொண்டனர். அவ்வுறுதி விருத்தாசலம், கொறுக்கை, ஆடுதுறை முதலிய ஊர்களின் கோயிற் சுவர்களிற் பொறிக்கப்பட்டுள்ளது. அரசனுடைய அதிகாரிகளுக்கு எதிராகக் கூடியோர் தம் தீர்மானத்தை மறைவில் வையாது, எல்லாரும் காணக் கோயிற் கல்லில் வெட்டினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இற்றைச் சட்டத்தின்படி, அரசு ஊழியரை வன்மை காட்டி அச்சுறுத்தக் கூடும் கூட்டம் சட்டவிரோதக் கூட்டம். வரி கொடோம் என்று வாளா சொல்லுதற்குக் கூடும் கூட்டம் அங்ஙனமன்று. விருத்தாசலத்தார் எவ்வகையினர் என்று இன்று வழக்கு நடத்த யாரும் இலர். எனினும் இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

இனிக் கடலூர்க்கு வருவோம். 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையோடு, அங்கிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு விழும் எல்லை வரையிலுள்ள நிலமும் அவர்க்குரியதென்பது உடன்படிக்கை. கம்பெனியார் தம்மிடமிருந்த நல்ல பீரங்கியை எடுத்து நாற்றிசையிலும் சுட்டு, குண்டு சென்று விழுந்த இடங்களை எல்லையாக்கிக் கொண்டனர். அங்ஙனம் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் பெயர் இன்றும் அதற்குச் சான்று. செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்ற அவ்விடம், 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய பின் 1752 வரையும் கம்பெனியாரின் சோழமண்டலக் கரைத் தலைமையிடமாய் விளங்கிற்று. ஆதலின், ஆங்கிலேயருடைய அதிகாரமும் அவருடைய வழக்குமுறையும் தமிழ்நாட்டில் முன்னரே நுழைந்த இடங்களுள் நம் கடலூரும் ஒன்று. சட்டத்தின் எல்லையைப் பீரங்கியே அளந்து கொடுத்த ஊர் உலகில் வேறெத்தனை உண்டோ அறியேன்.

அக்காலத்துக் கம்பெனியார்க்குக் கூட்டக் கலகம் புதியதன்று. சென்னையில் 1707-இல் வலங்கையார்க்கும் இடங்கையார்க்கும் திருமண ஊர்வலம் செல்லும் தெருவைப் பற்றிப் பூசல் மூண்டது. கவர்னராயிருந்த தாமஸ் பிட் துரை, பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையார்க்கும் முத்தியாலுப்பேட்டையை இடங்கையார்க்கும் எனப் பிரித்து வைத்தனர். அதற்கு மனமொவ்வாது வலங்கையார் பலர் ஊரை விட்டுச் சாந்தோமுக்குப் பெயர்ந்தனர். வண்ணாரும் படகோட்டியும் சுமைகூலியும் இல்லாத சென்னையிற் கம்பெனி வாணிகம் தடைப்படவே, துரை இணங்கி வர நேர்ந்தது. 1429-இல் ஒன்றுகூடிய இரு கையாரும் 1707-இல் ஒரு தெருவுக்காக முட்டிக்கொண்டனர். வரிக்கொடுமை ஒன்றுபடுத்தியதைத் தெருவுரிமை பிரித்தது. இன்றைக்கும் நம் ஊர்களிற் கலக வழக்குகளுக்குக் காரணம் கேட்பின், தெரு, ஊர்வலம், சுடுகாட்டு வழி, வாய்க்கால் என்பனவே முன் நிற்கும்.

கடல் கடந்து இங்கிலாந்தில் அப்போது நடந்ததையும் காண்போம். 1714-இல் இயற்றப்பட்டு 1715 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின்படி, பன்னிருவரோ அதற்கு மேற்பட்டாரோ கலகமாகக் கூடின், மாஜிஸ்திரேட்டு அவர்கள் முன் சென்று, அரசன் பெயரால் அமைந்த ஓர் அறிவிப்பை உரக்கப் படித்தல் வேண்டும். படித்து ஒரு மணி நேரம் கழிந்த பின்னும் கலையாது நிற்பவர்க்குத் தண்டம் மரணம்! அறிவிப்புப் படிக்கப்பட்டதா, படித்தது காதில் விழுந்ததா என்பதைப் பற்றியே பின்னர்ப் பெரும் வாதங்கள் எழுந்தன. 1819 ஆகஸ்டு 16-இல் மான்செஸ்டர் நகரத்துப் பீட்டர் திடலில், தேர்தல் உரிமை வேண்டிக் கூடிய பல்லாயிரவர் மீது குதிரைப்படையை ஏவியபோது, அவ்வறிவிப்பு முறையாகப் படிக்கப்பட்டதோ என்பது இன்றும் வரலாற்றார் வாதிடும் பொருள். அச்சட்டம் 1967-இல் நீக்கப்பட்டது. எனினும் பன்னிருவர் என்னும் தொகை போகவில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் இங்கிலாந்திற் கலகத்திற்குப் பன்னிருவர் வேண்டும்.

நம் நாட்டிற்கோ ஐவர் போதும். மெக்காலே பிரபுவின் தலைமையிற் 1837-இல் வரைவு ஆயத்தமாகி, இருபதாண்டுக்கு மேல் தூங்கி, 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் எழுப்பப்பட்டு, 1860-இல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் எட்டாம் அத்தியாயம் பொது அமைதிக்கு எதிரான குற்றங்களைப் பற்றியது. 141-ஆம் பிரிவு சட்டவிரோதக் கூட்டம் இன்னதென்றது. 146 கலகம் இன்னதென்றது. 147 அதற்கு ஈராண்டு வரையில் சிறை விதித்தது. 148, கொல்லுதற்கேற்ற ஆயுதந் தாங்கிக் கலகஞ் செய்தார்க்கு மூவாண்டு வரையில் விதித்தது.

141-ஆம் பிரிவு விலக்கிய நோக்கங்கள் ஐந்து. அவற்றுள் நான்காவது, உழவர் நிறைந்த நம் மாவட்டத்தார் கருத்தூன்றிப் பார்த்தற்குரியது. வன்மை காட்டி நிலத்தைக் கைப்பற்றுதலும், ஒருவன் துய்த்துவரும் வழியையோ நீரையோ பறித்தலும், தனக்கு உரிமையென்று எண்ணுவதை வன்மையால் நிலைநாட்டுதலும் அதில் அடங்கும். ஈற்றில் நின்ற சொற்றொடரைப் பலர் அறியார். உரிமை மெய்யாகவே நம்முடையதாயினும், ஐவர் கூடி வன்மையால் நிலைநாட்டச் சென்றால் கூட்டம் சட்டவிரோதமாம். காட்டுமன்னார்கோயிற் பக்கத்தில் வீராணத்துப் பாசனம் பெறும் உழவர் அறுவர், தம் முறைநீரை மேன்மடையார் அடைத்துவிட்டனர் என்று மண்வெட்டியுடன் சென்று மடையைத் திறந்து, தடுத்தவனைத் தள்ளினர் என வைத்துக்கொள்வோம். நீர் அவர்களுடையதே. எனினும் வழக்கு 147-இல் நில்லாது 148-க்கே ஏறக்கூடும். மண்வெட்டி உழவனுக்கு உயிர்க்கருவி. குற்றப்பத்திரிகையில் அது கொலைக்கருவி. தாக்குதற்குக் கையாண்டால் மரணம் விளைத்தற்கேற்ற எப்பொருளும் அவ்வாயுதமே என்பது சட்டத்தின் துணிபு. தாக்க வந்தானைத் தடுத்துத் தன்னுடலையும் பொருளையும் காத்தல் வேறு; அதற்குச் சட்டம் இடந்தருகின்றது. தானே திரண்டு சென்று மீட்டலுக்கு அவ்விடம் இல்லை.

இனி இவ்வத்தியாயத்தின் உயிர்நிலையாகிய 149-ஆம் பிரிவு. சட்டவிரோதக் கூட்டத்தினருள் ஒருவன், கூட்டத்தின் பொது நோக்கத்தை நிறைவேற்றும் பொருட்டு ஒரு குற்றஞ் செய்தால், அல்லது அந்நோக்கம் நிறைவேறும்போது நிகழக்கூடுமெனக் கூட்டத்தார் அறிந்திருந்த ஒரு குற்றத்தைச் செய்தால், அந்நேரத்தில் அக்கூட்டத்தில் உறுப்பாய் நின்ற ஒவ்வொருவனும் அக்குற்றஞ் செய்தவனே. குத்தினவன் ஒருவன், கொலைக் குற்றம் அனைவர்க்கும். ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்று வேண்டும். 34-ஆம் பிரிவிலும் பலர் கூடிச் செய்த குற்றம் பேசப்படுகின்றது. ஆங்கு வேண்டப்படுவது எல்லார்க்கும் பொதுவான உட்கருத்து. 149-இல் வேண்டப்படுவது பொது நோக்கம். கருத்து நெஞ்சினுள் நிற்பது; நோக்கம் புறத்தே ஒன்றைக் குறிபார்ப்பது. இருவர் போதும் முன்னதற்கு. பின்னதற்கு ஐவர் வேண்டும். தமிழில் எழுதப்படும் செய்தித்தாள்கள் இரண்டையும் ‘கூட்டுச்சதி’ என்று எழுதிவிடுகின்றன. சதி இவ்விரண்டின் வேறான மூன்றாவது குற்றம்.

இவ்வளவு அகன்ற வலையில் குற்றமற்றார் சிக்குதற்கு எடுத்துக்காட்டாக நம் நாட்டில் நடந்த பெருவழக்கு, 1882-ஆம் ஆண்டுச் சேலம் வழக்கு. அவ்வூரிற் பள்ளிவாசல் ஒன்றின் வழியே இந்துக்களின் ஊர்வலம் செல்லுதல் பற்றி நெடுநாட் பிணக்கிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களிற் பெருங்கலகம் மூண்டது. அந்நாளிற் சேலத்தில் வக்கீலாயிருந்தவர் விஜயராகவாச்சாரியார். அகவை முப்பது, அவ்வாண்டிற்றான் முனிசிபல் சங்கத்து உறுப்பினராகியிருந்தார். கலகத்தைத் தூண்டினவர் அவரே எனச் சாட்சிகள் முன்னிறுத்தப்பட்டனர். நியாயாதிபதி அச்சாட்சிகளை நம்பிப் பத்தாண்டுச் சிறை விதித்தார். அவர் சென்னை ஐக்கோர்ட்டுக்கு முறையிட்டுக்கொண்டு, அச்சாட்சியம் நம்பத்தகாததென மெய்ப்பித்து விடுதலை பெற்றார். அத்துடன் நிற்கவில்லை. தம்மை முனிசிபல் பதவியினின்று நீக்கியது முறையன்றென இந்திய மந்திரியின் மேலேயே வழக்குத் தொடுத்து, நூறு ரூபாய் நட்டஈடும் பெற்றார். தம்மோடு தண்டிக்கப்பட்டு அந்தமானுக்கு அனுப்பப்பட்டிருந்தோர் விடுதலைக்கும் உழைத்தார். பின்னாளில் 1920-இல் நாகபுரியிற் கூடிய காங்கிரசு மகாசபைக்குத் தலைமை தாங்கியவர் இவரே.

ஈண்டு நாம் நோக்க வேண்டியது அவருடைய பெருமையன்று. அவர் சட்டங் கற்றவர். ஐக்கோர்ட்டு எத்தெருவிலிருக்கிறதென அறிந்தவர். அவரோடு பிடிபட்ட எளியார் பலர் அறியாதவர். ஒரே சாட்சியத்தின்மேல் தண்டிக்கப்பட்டோருள், மேல்முறையீட்டுக்குப் பொருளும் அறிவும் உடையவன் மீள்வதும், இல்லாதவன் கடல் கடந்து செல்வதும் கலக வழக்குகளுக்கே உரிய கொடுமையாம். ஏனெனின் ஏனைக் குற்றங்களிற் சாட்சி ஒருவனுடைய செயலைக் கூறுவான். கலகத்திலோ ‘அவனும் அங்கிருந்தான்’ என்னும் மூன்று சொல் போதும். பகைவனை ஒழிக்க இதனினும் எளிய வழி இல்லை.

ஊர்வலம் பற்றியும் ஒரு சொல். எச்சமயத்தாராயினும் பொதுத்தெருவில் ஊர்வலம் செல்ல உரிமையுடையர். தெருவைப் பிறர் பயன்படுத்துதற்கு இடையூறு செய்தலாகாது. மாஜிஸ்திரேட்டு முறைப்படி இடும் கட்டளைக்கு அடங்குதல் வேண்டும் என்பதைச் சென்னை ஐக்கோர்ட்டு சுந்தரம் செட்டி வழக்கில் 1880-களிலேயே கூறியுளது. இலண்டன் பிரிவி கவுன்சிலும் 1924-இல் மன்சூர் அசன் வழக்கில் இக்கொள்கையையே நிறுவிற்று. இத்துணைப் பழந்தீர்ப்பு இருந்தும், தேர் இத்தெருவில் வரலாமா, சவம் அத்தெருவிற் போகலாமா என்று இன்றும் அடித்துக்கொள்ளுதல் நமக்குப் பெருமை தருவதன்று.

‘அவனும் அங்கிருந்தான்’ என்னும் சாட்சியத்தை எவ்வாறு எடையிடுவது? உரிமை பெற்ற பின் நம் சுப்ரீம் கோர்ட்டார் இவ்வினாவைப் பலமுறை எதிர்கொண்டனர். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பாலாதீன் வழக்கில், வெறுமே உடனிருத்தல் ஒருவனைக் கூட்டத்தின் உறுப்பாக்காது. வேடிக்கை பார்க்க வந்தவனையும் உறுப்பினனையும் பிரித்தல் வேண்டும் என்றனர். பின்னர் 1964-இல் தீர்க்கப்பட்ட மசால்தி வழக்கில் இருபுறமும் சீர்தூக்கினர். ஒவ்வொருவனும் கையால் ஒன்று செய்தான் என்று காட்ட வேண்டியதில்லை. கூட்டத்தின் நோக்கத்தை அறிந்து உடன் நின்றமை காட்டினால் அமையும். ஆயினும் பெருங்கூட்டம் பற்றிய வழக்கில், ஒருவனைக் குறித்து இருவரோ மூவரோ அதற்கு மேற்பட்டாரோ ஒத்துக் கூறினாலன்றி அவனைத் தண்டியாதிருத்தல் தக்க எச்சரிக்கையாம் என்றனர். இத்தொகை ஓர் இயந்திர அளவு போலத் தோன்றுமெனினும் பயனுடையதென்றும் ஒத்துக்கொண்டனர். சேலத்து எளியார்க்கு இந்த எச்சரிக்கை எண்பதாண்டு காலந் தாழ்த்து வந்தது என்க.

மற்றொரு தீர்ப்பும் அறியத்தக்கது. 1954-இல் மோதி தாஸ் வழக்கில், குற்றமின்றித் தொடங்கிய கூட்டம், அவருள் ஒருவன் ‘அடியுங்கள்’ என்று கூவி மற்றவர் இசைந்த நொடியிலேயே சட்டவிரோதக் கூட்டமாகும் என்றனர். ஆகவே தொடக்கத்தில் நான் கேட்ட ‘எந்நொடியில்’ என்னும் வினாவுக்கு விடை இதுவே. அந்நொடிக்குப் பின்னும் அறிந்து நிற்பவன் உறுப்பினன், நீங்கினவன் அல்லன். நீங்கினதைக் காட்டுவது எங்ஙனம் என்பது வக்கீல்களுக்குப் பிழைப்பு.

நிற்க. வழக்கு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நம்மவர் எண்ணுகின்றனர். ஊர்ப் பெரியோர் இருதிறத்தாரையும் கோயிலில் அமர்த்தி, தேங்காய் உடைத்து, சமாதானம் செய்துவைத்தல் நல்வழக்கே. ஆயின் கலகக் குற்றம், வாதி பிரதிவாதிகள் தாமே இராசி செய்துகொள்ளும் குற்றங்களின் பட்டியலில் இல்லை. அது பொது அமைதிக்கு எதிரானது, ஒருவனுக்கு எதிரானதன்று. எனவே உயர்நீதிமன்றத்திற்குச் சென்று வழக்கை நீக்கிக் கொள்ளல் வேண்டும். அச்செலவுக்கு அஞ்சி, சாட்சிகளைப் பிறழச் செய்து விடுதலை பெறுதலே ஊர்களில் நடப்பது. அவ்விடுதலையின் தீங்கு பின்னரே தெரியும். தமிழ்நாட்டுக் காவற்பணி விதியின்படி, ஐயத்தின் பயனாலோ முறையிட்டவர் பிறழ்ந்தமையாலோ விடுதலையானவன், குற்றவழக்கில் ஈடுபட்டவனாகவே கருதப்படுவான். இவ்விதி செல்லுமென்று சென்னை உயர்நீதிமன்றத்து முழு ஆயம் 2008-இல் மணிகண்டன் வழக்கிற் கூறிற்று. என்னிடம் பயின்ற மாணவருள் ஓட்டத்திலும் எழுத்துத் தேர்விலும் முன்னின்ற ஒருவன், பதினெட்டாம் அகவையில் நடந்த காணும்பொங்கற் சண்டையொன்றில் நாற்பத்திரண்டாம் எதிரியாகச் சேர்க்கப்பட்ட ஒரே காரணத்தாற் காக்கியுடை அணியப் பெறாதொழிந்தான். அவன் கல்லெறிந்தானோ இல்லையோ, அதை எந்நியாயமன்றமும் ஆராய்ந்து முடிவு கூறவில்லை. சாட்சிகள் பிறழ்ந்தனர், வழக்கு முடிந்தது, அவ்வளவே. அறிக்கை எழுதும் நாளில் ‘மற்றும் பலர்’ என்னும் இடத்தில் யாருடைய பெயரைச் சொல்லலாம் என்று திண்ணையிலிருந்து ஆலோசிக்கும் பெரியோர், எதிர்த்தெருப் பையன்களின் அகவையையும் படிப்பையும் ஒருமுறை எண்ணுவாராக.

இதுகாறும் கூட்டத்தின் பொறுப்பைக் கூறினோம். கூட்டத்தைக் கலைப்பவர்க்கும் பொறுப்புண்டு. அதனைச் சிதம்பரத்தார் அறிவர்.

1965 ஜனவரி 26 முதல் இந்தியே நடுவணரசின் ஆட்சிமொழியாகும் என்றிருந்த நிலையில், தமிழ்நாடெங்கும் மாணவர் கிளர்ந்தனர். அப்போது சென்னை மாகாண முதலமைச்சர் பக்தவத்சலம். சிதம்பரம் தென்னார்க்காடு மாவட்டத்தது, மாவட்டத் தலைநகர் கடலூர். ஜனவரி 27-ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ஊர்வலமாகப் புறப்பட்டனர். போலீசார் தடுத்தனர், துப்பாக்கியால் சுட்டனர். இராசேந்திரன் என்னும் மாணவர் உயிர்நீத்தார். அவருடைய சிலை இன்றும் பல்கலைக்கழக வாயிலில் நிற்கின்றது. அச்செய்தி பரவவே கிளர்ச்சி அடங்காது பன்மடங்காயிற்று. பிப்ரவரித் திங்களில் நடுவண் அமைச்சர் சி. சுப்பிரமணியமும் இணையமைச்சர் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர்; 11-ஆம் நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியிற் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கூறினார். 1967-இல் அவ்வுறுதி சட்டமாயிற்று.

அன்று நடைமுறையிலிருந்தது 1898-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டம். அதன் 127-ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட்டோ போலீசு நிலையத் தலைவரோ கூட்டத்தைக் கலையுமாறு கட்டளையிடலாம். கலையாவிடின் 128-இன்படி வன்மையாற் கலைக்கலாம். கட்டளை முந்தியது, வன்மை பிந்தியது. பழைய ஆங்கிலச் சட்டத்தின் ஒரு மணி அவகாசம் இங்கே இல்லை. இயன்றவளவு குறைந்த வன்மையைக் காட்டி, இயன்றவளவு குறைந்த தீங்கு செய்தல் வேண்டும் என்னும் சொற்கள் அச்சட்டத்தில் எங்குள்ளன என்று தேடினால், படைவீரரை அழைத்துக் கலைக்கும் பிரிவிலே மட்டும் வெளிப்படையாகக் காணப்படும்! போலீசாரைப் பற்றிய பிரிவில் அச்சொற்கள் இல்லை. 1973-இல் எழுதிய புதுச்சட்டமும் 2023-இல் எழுதிய சட்டமும் இக்குறையை அங்ஙனமே வைத்துக்கொண்டன. போலீசு நிலையாணைகளும் நியாயமன்றத் தீர்ப்புகளும் அதனை நிரப்பி வந்துளவெனினும், மூலச்சட்டத்தில் இருக்க வேண்டிய சொல் கிளை விதியில் இருத்தல் போதாது என்பது என் துணிபு. மேலும், நல்லெண்ணத்தோடு கலைத்த அதிகாரிமேல் அரசின் இசைவின்றி வழக்குத் தொடுத்தல் இயலாது என்பதும் மூன்று சட்டங்களிலும் உண்டு. 2018 மே 22-இல் தூத்துக்குடியிற் பதின்மூவர் மாண்ட துப்பாக்கிச் சூட்டை ஆராய்ந்த நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-இற் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கூட்டம் சூட்டுக்குரிய நிலையை உண்டாக்கவில்லை என்றும், முறைப்படியான எச்சரிக்கைகள் செய்யப்படவில்லை என்றும் அவ்வறிக்கை கூறிற்று. 

1987 செப்டம்பர் 17 முதல் ஒரு கிழமை, இட ஒதுக்கீடு வேண்டி வன்னியர் சங்கத்தார் நடத்திய சாலை மறியலின்போது வடமாவட்டங்களில் இருபத்தொருவர் மாண்டனர். தென்னார்க்காட்டிற் சாலையோரத்து மரங்கள் வீழ்த்தப்பட்டதும், வீடுகள் எரிந்ததும், சுடப்பட்டு இறந்ததும் ஒரே கிழமையின் செய்திகள். அவற்றுள் எதனை எவர் முன்னர்க் கூறுகின்றார் என்பது கூறுபவர் தெருவைப் பொறுத்தது. 1989-இல் மிகப் பிற்பட்டோர்க்கு நூற்றுக்கு 20 ஒதுக்கப்பட்டது.

‘144’ என்பதைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஊரில் ‘144 போட்டுவிட்டார்கள்’ என்பது குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு. மாஜிஸ்திரேட்டு முன்கூட்டியே இடும் தடைக் கட்டளை. தண்டனைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவோ, ஆயுதத்துடன் சட்டவிரோதக் கூட்டத்திற் சேர்தலாகிய குற்றம். இரண்டும் எண்ணால் ஒன்று, பொருளால் வேறு. தடைக் கட்டளை எழுத்தில் இருத்தல் வேண்டும், காரணம் காட்டல் வேண்டும், மக்கள் அறிய வெளியிடப்படல் வேண்டும், பொதுவாக இரண்டு திங்கட்கு மேற்செல்லாது. வெளியிடப்படாத கட்டளை செல்லாதென்னும் கருத்தைச் சுப்ரீம் கோர்ட்டார் 2020-இல் காஷ்மீரம் பற்றிய அனுராதா பாசின் வழக்கில் வற்புறுத்தினர்.

2024 ஜூலை முதல் நாள் தொடங்கி எண்களெல்லாம் மாறிவிட்டன. மெக்காலேயின் சட்டம் நீங்கி, பாரதிய நியாய சன்கிதை வந்துளது. 141 முதலியன 189 ஆயின, 149 இப்போது 190, கலகம் 191. ஐவர் என்னும் தொகையும், ஐந்து நோக்கங்களும், பொதுப் பொறுப்பும் மாறவில்லை. ஆயுதந் தாங்கிய கலகத்திற்கு மூவாண்டாயிருந்த மேலெல்லை ஐந்தாண்டாயிற்று. ஐவரோ மேற்பட்டாரோ கூடி, சாதி, சமூகம், இனம், மொழி, பிறந்த இடம் முதலிய காரணம் பற்றி ஒருவனைக் கொன்றால், கூட்டத்தார் ஒவ்வொருவர்க்கும் மரணமோ ஆயுட்சிறையோ என 103-ஆம் பிரிவில் ஒரு புதுக்கூறு சேர்ந்துளது. தன் நிலத்திற் சட்டவிரோதக் கூட்டமோ கலகமோ நிகழப்போவதறிந்தும் போலீசுக்கு அறிவியாத நிலக்காரனும், எவன் நலத்தின் பொருட்டுக் கலகம் நடந்ததோ அவனும் தண்டத்திற்கு உள்ளாவர் என்னும் பழைய பிரிவுகள் 193-இல் அடங்கின. கூலிக்கு ஆள் திரட்டி முன்னனுப்பித் தாம் வீட்டில் இருப்பார், இப்பிரிவைத் தம் வக்கீலிடம் கேட்டறிதல் நலம். தடைக் கட்டளை நாகரிக் சுரட்சா சன்கிதையில் 163-ஆம் பிரிவு, கலைத்தல் 148. இனி ‘163 போட்டார்கள்’ என்று சொல்ல நாவு பழகுதற்கு ஒரு தலைமுறை செல்லும்.

அந்நாளுக்கு முன் நடந்த செயல்களுக்குப் பழைய சட்டமே செல்லும். ஆதலின் கடலூர் செஷன்ஸ் கோர்ட்டிலும் சிதம்பரத்து மாஜிஸ்திரேட்டு மன்றங்களிலும் இன்னுஞ் சில ஆண்டுகள் 147 என்றும் 191 என்றும் இரு சட்டத்துக் கட்டுகளும் ஒரே மேசைமேல் அடுக்கப்பட்டிருக்கும். அழைப்பாணை பெற்றவர் அதிலுள்ள எண்ணை நோக்குமுன், நிகழ்ச்சி நடந்த நாளை நோக்குக.